மதிலுக்குள் பதினொரு கதவுகள்

பிப்ரவரி 6, திங்கள்

மூக்கு இருக்கிறதா என்று இன்று மூன்று முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இருந்தது. ஸ்பெயின் என்றதும் வெயிலும் ஆரஞ்சுப் பழமும் என்று நினைத்துப் புறப்பட்டு வந்தவள் நான். அவிலாவில் பேருந்தை விட்டு இறங்கினால் காலுக்கடியில் ஐஸ்.

இந்த ஊரைச் சுற்றி ஒரு மதில். சும்மா மதில் இல்லை, இரண்டரை கிலோமீட்டர் நீளம், எண்பத்தெட்டுக் கொத்தளங்கள், ஒன்பது வாசல்கள். கட்டித் தொள்ளாயிரம் வருடம் ஆகிறதாம். வேம்பாரில் எங்கள் கோயில் சுற்றுச்சுவர் போன மழைக்கு விழுந்தது நினைவு வந்தது.

எங்கள் மடம் மதிலுக்கு உள்ளே, வடக்குப் பக்கத்தில். சகோதரிகள் ஐந்து பேர். அதில் தமிழச்சி என்னோடு சேர்த்து இரண்டு. இன்னொருத்தி தூத்துக்குடி பனிமயம் அக்கா, ஐம்பத்தெட்டு வயது, இங்கே இருபத்திரண்டு வருடமாக இருக்கிறாள்.

வந்ததுமே மடத்துத் தலைவி மதர் கொன்சுவேலோ அழைத்து வேலையைச் சொல்லிவிட்டார். மதிலுக்குள் தனியாக வாழும் முதியவர்கள் பதினொரு பேருக்கு மடத்திலிருந்து தினமும் மதியச் சாப்பாடு போகிறது. கொண்டுபோவது பனிமயம் அக்கா. இனி நானும் கூடப் போய்ப் பழகி, ஈஸ்டருக்குள் தனியாகச் செய்ய வேண்டும். ஒரே ஆளை நம்பி இந்த வேலையை நடத்த முடியாது, நான் பழகாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று எங்கள் சபைத் தலைமை இல்லம் எழுதிவிட்டதாம். நிறுத்தினால் பதினொரு பேரும் ஊருக்கு வெளியே முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டியதுதான்.

“பதினொரு வீடுதானே, பழகிடலாம் மதர்” என்றேன். வாய்க்கு என்ன, சொல்லிவிடும்.

பயிற்சி மடத்தில் ஏற்பட்ட வழக்கம், நாளுக்கு ஒரு நன்றியாவது எழுதாமல் படுக்கக் கூடாது. இன்றைய நன்றி, கம்பளிக் காலுறைக்கு.

பிப்ரவரி 8, புதன்

முதல் சுற்று. இரண்டு சக்கர இழுவைப் பையில் சாப்பாட்டு டப்பாக்கள், அதன்மேல் ரொட்டி. கருங்கல் பாவிய சந்துகளில் பை கடகடவென்று ஊரைக் கூட்டியது. சந்துகளுக்கு நேராகப் போகத் தெரியாது. ஒன்று வளைந்து இன்னொன்றில் முடிகிறது, அது ஒரு தேவாலய முற்றத்தில் போய் நிற்கிறது.

பனிமயம் அக்கா வழி காட்டுவாள் என்று பார்த்தால், பள்ளி ஆய்வாளர் மாதிரிப் பரீட்சை வைக்கிறாள்.

“ஏட்டி சலேத்து, அந்தப் பலகையில என்ன எழுதியிருக்கு, வாசி.”

வாசித்தேன்.

“முக்குல கார் நிக்குதா?”

“நிக்குதுக்கா.”

“என்ன கலரு?”

கார் என்ன நிறமாக இருந்தால் சூப்புக்கு என்ன? ஆனாலும் சொன்னேன். வழுக்கும் என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கை சுவரைத் தடவியபடியே வந்தது. இருபத்திரண்டு வருடமாக நடந்த தெருவில் இவ்வளவு பயமா என்று கேட்டேன். “கீழ விழுந்து இடுப்பு ஒடிஞ்சா நீயாட்டி தூக்கிச் சொமப்ப?” என்றாள். நியாயம்தான்.

ஊர்க்காரர்கள் நல்லவர்கள், ஆனால் கொஞ்சம் கழன்ற கேஸ்கள். பசிலியோ ஐயா நாங்கள் வரும் நேரத்துக்குக் கதவை அகலத் திறந்துவைத்து ரேடியோவை அலறவிடுகிறார். எர்மீனியா அம்மாள் மாடிப்படி உச்சியில் நின்று, நாங்கள் ஏற ஏற “ஒன்று, இரண்டு” என்று பாட்டாகவே எண்ணுகிறாள். பதினாறு படி. ஃபெலீசா அம்மாள் கதவுப் பிடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறாள். வேண்டுதலாக இருக்கும். பழக்கடைக்காரர் எங்களைக் கண்டதும் நடைபாதையில் வைத்த கூடைகளை உள்ளே இழுத்துக்கொள்கிறார். துறவிகள் மேல் அவ்வளவு மரியாதை!

இவர்கள் ஸ்பானிய மொழியில் சொல்வதை என் வேம்பார்த் தமிழில்தான் இங்கே எழுதப்போகிறேன். மன்னித்துக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 15, புதன்

இன்றைக்கு எழுத முடியாது. ஆண்டவரே, பசிலியோ ஐயா பிழைத்ததற்கு நன்றி.

பிப்ரவரி 16, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும். நேற்று அக்காவுக்குக் காய்ச்சல். “நானே போறேன், ஒரு வாரமாப் பாக்கேம்லா” என்று கிளம்பினேன். ஆறு வீடு சரியாகப் போயிற்று. ஏழாவது பசிலியோ ஐயா வீடு. கிழக்கே மதிலை ஒட்டிய பேராலயத்துக்குப் பின்னால் இரண்டாவது சந்து. மதிலைப் பார்த்து நடந்தேன். நடந்துகொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு வாசல் வந்தது, வெளியே ஆறு ஓடியது. ஆறு மேற்கே அல்லவா இருக்கிறது!

ஏன் இப்படி ஆயிற்று என்று இன்றைக்குத்தான் விளங்கியது. எங்கள் ஊரில் கடல் கிழக்கே. எந்தத் தெருவில் நின்றாலும் ஊர் முடிகிற பக்கம் கிழக்கு. அதைப் பார்த்தே நாற்பத்தாறு வருடம் நடந்த கால் இது. இங்கே ஊர் முடிகிற இடம் மதில். என் கால் அதைக் கரை என்று எடுத்துக்கொண்டது. நான்கு பக்கமும் மதில், நான்கு பக்கமும் எனக்குக் கிழக்கு. பிறகு ஏன் தொலைய மாட்டேன்?

பசிலியோ ஐயாவுக்குச் சர்க்கரை நோய். சாப்பாடு ஒன்றரைக்கு வந்துவிடும் என்று நம்பி இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. கீழ் வீட்டு அசுன்சியோன் அம்மாள் அவருக்கு ஆரஞ்சுச் சாறு புகட்டிக்கொண்டிருந்தாள். ஐயாவின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்த்து, “வாம்மா, சூப் ஆறிப்போச்சா?” என்று கேட்டார். நான் அங்கேயே அழுதேன்.

அசுன்சியோன் அம்மாள் திட்டவில்லை. மீதி நான்கு வீட்டுக்கும் தானே கூட வந்து, மடத்து வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். அவளுக்கு நன்றி.

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு சுற்று முடித்தேன். புதிதாக ஒன்று செய்துபார்த்தேன்.

அப்பா கடலுக்குப் போனவர். நடுக்கடலில் மீன் அடையும் பாரை, அதாவது கடலடிப் பாறைத் திட்டை, எப்படிக் கண்டுபிடிப்பார்கள் தெரியுமா? கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் கொண்டுவருவார்கள். கோயில் கோபுரத்துக்குப் பின்னால் ஒற்றைப் பனை மறைந்தால் ஒரு கோடு. இந்தப் பக்கம் உப்பளக் கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்துக்குக் கீழே பார் இருக்கும். இதற்குக் கணியம் என்று பெயர்.

அதையே இங்கே போட்டேன். பேராலயக் கோபுரம் மஞ்சள் வீட்டுப் புகைபோக்கிக்கு நேரே வந்தால் பசிலியோ ஐயா சந்து. இரண்டு கொத்தளங்களுக்கு நடுவே மலை தெரிந்தால் அது தெற்கு, ஃபெலீசா அம்மாள் தெரு. தரை சரிந்தால் ஆற்றை நோக்கிப் போகிறோம், திரும்பு. பதினொரு வீட்டுக்கும் பதினொரு கணியம் எழுதி வைத்திருக்கிறேன்.

அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். சிரித்தாள். “நல்லாத்தான் இருக்கு. ஆனா கணியம் பாக்கக் கண்ணு வேணும்லா” என்றாள். எனக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அப்பாவுக்கு நன்றி.

மார்ச் 3, வெள்ளி

இப்போது நடக்கப் பிடித்துவிட்டது. காலை ஜெபம் முடிந்து கிடைக்கும் அரை மணியிலும் ஒரு பக்க மதிலை ஒட்டி நடந்துவிட்டு வருகிறேன். கல்லில் ஒரே நிறம் இல்லை. சாம்பல், துரு, மழை பெய்தால் கருநீலம். வடக்குப் பக்கத்தில் வாடைக்காற்று கன்னத்தில் அறைகிறது. தெற்கு வாசல் வழியாக வெளியே வந்தால், அதே மதில் காற்றை மறைத்துக்கொண்டு நிற்க, வெயில் மடியில் வந்து உட்காருகிறது. புனிதை அவிலா தெரசம்மாள் பிறந்த ஊரில் என்னையும் நடக்கவிட்டதற்கு நன்றி.

சுற்றின்போது அக்கா ஒரு கோபுரத்தடியில் நின்றாள். “கூட்டுக்கு நாரை வந்துட்டாட்டி?”

கோபுர உச்சியில், கண்ணுக்கு நேரே, இரண்டு பெரிய நாரைகள் அலகைத் தட்டிக்கொண்டு நிற்கின்றன. சத்தம் தெருவெல்லாம் கேட்கிறது. பரீட்சைக்கு ஓர் அளவு வேண்டாமா?

“ரெண்டு வந்திருக்குக்கா.”

“ரெண்டா!” என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாள். வருடா வருடம் வருவதுதானாம்.

மார்ச் 9, வியாழன்

எர்மீனியா அம்மாள் வீட்டில் அக்கா சூப்பைக் கிண்ணத்துக்கு வெளியே மேசைமேல் ஊற்றிவிட்டாள். கரண்டிப் பிடி ஆடுகிறதாம். கரண்டி நன்றாகத்தான் இருந்தது. எர்மீனியா அம்மாள் கிண்ணத்தைக் கரண்டிக்கடியில் நகர்த்தி வைத்தாள். வயதானால் எல்லோருக்கும் கை நடுங்கும்.

மார்ச் 15, புதன்

நான் ஒரு முட்டாள்.

மார்ச் 16, வியாழன்

நேற்றுக் காலை சிற்றாலயத்தில் பைபிள் வாசகம் அக்காவுடைய முறை. தெளிவாக, ஒரு சொல் பிசகாமல் வாசித்தாள். அடுத்த வாசகம் என்னுடையது. மேடைக்குப் போனால் புத்தகம் போன வாரப் பக்கத்தில் திறந்திருந்தது. அவள் வாசித்ததோ அன்றைய வாசகம்.

முந்தின நாள் மாலை, என் உச்சரிப்பைத் திருத்துகிறேன் என்று அதே வாசகத்தை என்னை மூன்று முறை வாசிக்க வைத்தவள் அவள்.

நான் என் வாசகத்தில் எந்த வரியில் நின்றேன் என்று தெரியவில்லை. பலகை, காரின் நிறம், நாரை, முழங்கை எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. ஐந்து வாரமாக அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று நினைத்திருந்தேனே. அவளை நான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

இன்றைக்கு வழியில் கேட்டுவிட்டேன். “அக்கா, எவ்வளவு நாளாத் தெரியல?”

நின்றாள். முதலில் என்ன என்ன என்று மழுப்பினாள். பிறகு சொன்னாள்.

“ரெண்டு வருசம் இருக்கும். ஓரமெல்லாம் போச்சுட்டி. நேர மட்டும் ஒரு ரூவா வட்டத்துக்குத் தெரியும். அதுவும் புகை படிஞ்ச சிம்னிக் கண்ணாடி மாதிரி.”

“டாக்டர்ட்ட போனீயளா?”

“போனா மதருக்குத் தெரிஞ்சிரும்லா. அப்பறம் ஊருக்கு அனுப்பி ஓய்வு இல்லத்துல உக்கார வச்சிருவாவ. இந்தப் பதினோரு பேருக்கும் யாரு போவா? கண்ணு தெரியாதவளா சோறு கொண்டாரான்னு அவியளே வேண்டாம்னு சொல்லிருவாவ.” என் கையை இறுக்கிப் பிடித்தாள். “ஈஸ்டர் மட்டும் பேசாம இருட்டி. நீ நல்லாப் பழகிக்கோ. அப்பறம் நானே சொல்லிருதேன்.”

எங்கள் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஓரத்திலிருந்து பார்வை போயிற்று. கண்ணில் நீரழுத்தம். சீக்கிரம் மருந்து விட்டிருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கலாம் என்று பாளையங்கோட்டை டாக்டர் சொன்னார். பெரியப்பா டாக்டரிடம் போனது கடைசியில்தான். ஈஸ்டருக்கு இன்னும் மூன்றரை வாரம் இருக்கிறது.

சூப் ஆறுகிறது என்று நடந்தேன்.

மார்ச் 19, ஞாயிறு

சொன்னால் அவள் ஊரையும் வேலையையும் இழப்பாள். சொல்லாவிட்டால் கண்ணை இழப்பாள். இதைத் தவிர வேறு ஒன்றையும் யோசிக்க முடியவில்லை. மதிலைச் சுற்றி முழு வட்டம் நடந்தேன். நடந்தால் விடை கிடைக்கும் என்பதெல்லாம் சும்மா. கால்தான் வலிக்கிறது.

மார்ச் 23, வியாழன்

மதர் இன்று திடீரென்று, “பனிமயம் இங்கே இருக்கட்டும். இன்றைக்கு நீ தனியாகப் போய் வா, பார்ப்போம்” என்றார். அக்காவின் முகம் சுருங்கியதை நான் மட்டும் பார்த்தேன்.

போனேன். கணியம் ஒன்றும் தப்பவில்லை. ஆனால் தெருவே வேறு மாதிரி இருந்தது. பழக்கூடைகள் நடைபாதையை அடைத்துக்கொண்டு கிடந்தன, நான்தான் சுற்றிப் போனேன். ஃபெலீசா அம்மாள் கதவில் சிவப்புத் துணி இல்லை. எர்மீனியா அம்மாள் மாடியில் உட்கார்ந்தபடியே “மேல வா” என்றாள், படியை எண்ணவில்லை. பசிலியோ ஐயா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ரேடியோச் சத்தமும் இல்லை. தட்டினேன். நிதானமாக வந்து திறந்தார்.

“ரேடியோ ஏன் பாடலை? நான் பயந்தே போனேன்.”

“அது நியேவெஸ் சிஸ்டருக்காகத்தாம்மா” என்றார். பனிமயம் என்ற பெயர் இவர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது, நியேவெஸ் என்றால் பனி. “நீ மட்டும் வாரேன்னு அசுன்சியோன் சன்னல்ல பாத்துட்டு எல்லாருக்கும் போன் போட்டுட்டா. உனக்கு எதுக்கு ரேடியோ? உனக்குத்தான் கண்ணு இருக்கே.”

நான் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“போன வருசத்துக்கு முந்தின குளிர்ல, என் வீட்டைத் தாண்டிப் போய் அடுத்த கதவைத் தட்டிட்டு நின்னா. மறுநாள்லேர்ந்து ரேடியோவைப் போட்டுட்டேன். சத்தத்தைப் பிடிச்சு நேரா வந்துட்டா.” பிறகு தாழ்ந்த குரலில், “நாங்க சொன்னோம்னு அவட்ட சொல்லிராத. எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் தைரியமா வாரா” என்றார்.

சந்து முனையில் நின்று அழுதேன். சாப்பாட்டுக்கு இவர்கள் அவளை எதிர்பார்த்திருந்தார்கள் என்று நினைத்தேன். அவள் விழாமல் வந்து சேர வேண்டுமென்று பதினொரு வீடும், ஒரு பழக்கடையும் தினமும் காவல் இருந்திருக்கின்றன. இந்த மதிலைக் கட்டியவர்களுக்குக்கூட இவ்வளவு ஜாக்கிரதை இருந்திருக்காது. இவர்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி, நன்றி.

மார்ச் 24, வெள்ளி

பசிலியோ ஐயா கேட்டுக்கொண்டதை மீறினேன். மீற வேண்டியிருந்தது.

சுற்று முடிந்ததும் அக்காவைத் தெற்கு வாசலுக்கு வெளியே வெயிலில், கல் பெஞ்சில் உட்கார வைத்தேன். கீழே பள்ளத்தாக்கு பச்சை விட்டிருந்தது. அதை அவளுக்குச் சொன்னேன். பிறகு இதையும் சொன்னேன்.

“அக்கா, பதினோரு பேருக்கும் தெரியும்.”

“என்னட்டி தெரியும்?”

“உங்க கண்ணு.”

ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள்.

“பசிலியோவுக்குமா?”

“அந்த ரேடியோ எதுக்குன்னு நெனச்சீய?”

“காது கேக்காதுன்னுல்லா நெனச்சேன்.” அடுத்து, “எர்மீனியாவுக்குமா? அவ சும்மால்ல படி எண்ணுவா, சின்னப் பிள்ள மாதிரி.”

“சும்மா இல்லக்கா.”

“ஃபெலீசா…” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். சிவப்புத் துணி அவளுக்கு எத்தனை நாள் கதவைக் காட்டியிருக்கும் என்று அவளுக்கே தெரியும். “சண்டாளிகளா, ஒருத்தி வாயைத் தொறக்கலியே” என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். சிரிப்பு நடுவில் உடைந்து அழுகையாகிவிட்டது. நானும் சேர்ந்து அழுதேன். படம் எடுக்க வந்த இரண்டு சுற்றுலாப் பயணிகள் எங்களைப் பார்த்துவிட்டு மரியாதையாக விலகிப் போனார்கள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வழுக்கும், குளிரும் என்று எந்தச் சாக்கும் சொல்லவில்லை. கையை நீட்டினாள்.

“வா, மதர் ரூமுக்கு என்னைக் கூட்டிட்டுப் போ.”

மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள்

மதர் கொன்சுவேலோவுக்குக் கோபமென்றால் கோபம். “இரண்டு வருடம்! தெருவில் கார் ஓடுகிறது, கொதிக்கிற சூப்பைத் தூக்கிக்கொண்டு!” என்று மேசையைத் தட்டினார். அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். எனக்கும் கொஞ்சம் கிடைத்தது. அவர் ஓய்ந்ததும் நான் ரேடியோவையும் படி எண்ணுவதையும் சிவப்புத் துணியையும் சொன்னேன். எனக்கு வழி தெரியும், ஆனால் அந்தப் பதினொரு பேரை அவளுக்குத்தான் தெரியும், இரண்டு பேராகப் போகவிடுங்கள் என்றேன். மதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில், “பொய் சொன்னதற்குத் தண்டனை உண்டு. இனி சலேத்தின் கையைப் பிடிக்காமல் நீ வாசலைத் தாண்டக் கூடாது” என்றார். தலைமை இல்லத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு

கடிதத்துக்குப் பதில் இல்லை. ஒலிவக் கிளையோடு மதிலைச் சுற்றிப் பவனி போனோம். அக்கா என் கையைப் பிடித்து, ஊர் பார்க்க, நடந்தாள்.

ஏப்ரல் 4, செவ்வாய்

காலையில் கண் மருத்துவர். மதியம் கடிதம். இரண்டும் ஒரே நாளில் வர வேண்டுமா, என் நெஞ்சு என்னாவது?

போனது போனதுதான், திரும்ப வராது என்றார் மருத்துவர். மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், ஒரு வேளையும் தவறக் கூடாது. இன்னும் ஆறு மாதம் தாமதித்திருந்தால் அதுவும் இல்லை என்றும் சொன்னார்.

கடிதத்தில் நான்கு வரி. சுற்று தொடரலாம். இரண்டு சகோதரிகள் சேர்ந்து போக வேண்டும். பனிமயம் அவிலாவில் இருக்கலாம். ஒரு வருடம் கழித்துப் பார்ப்போம்.

ஒரு வருடம்! இன்றைக்கு நன்றி எழுத இந்த நோட்டு காணாது.

ஏப்ரல் 5, புதன்

இன்று காலை முதல் சொட்டு. அக்காவை ஜன்னல் வெளிச்சத்தில் நாற்காலியில் உட்கார வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, இமையை விரலால் விரித்துப் பிடித்தேன். குனிந்து, அசையாமல், அவள் முகத்துக்கு நேரே என் முகம்.

சொட்டை விடப் போனேன். “பொறுட்டி” என்றாள்.

அவளுடைய அந்த ஒரு ரூபாய் வட்டம் என் நெற்றியில் தொடங்கி, மூக்கில் இறங்கி, மெதுவாகக் கன்னத்தைச் சுற்றி வந்தது. ஒருவரை இப்படி நிற்கச் சொல்லிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று இந்த இரண்டு மாதமும் அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் கையும் குரலும் மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

“ஏட்டி சலேத்து, குரலை வச்சு உனக்கு முப்பது வயசுன்னுல்லா நெனச்சேன். இம்புட்டுக் கெழவியா நீ?”

“நாப்பத்தாறுக்கா. ஆடாம இருங்க, மருந்து சிந்துது.”

“இருட்டி, இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கிடுதேன்” என்றாள். நான் குனிந்தபடியே நின்றேன்.